தட்டிய நெல், அறுத்த நெல்

அமிர்தம் டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்கு வந்திருக்கிறது. நான் ஒன்பது மணிக்குத்தான் பார்த்தேன். வடலூரில் என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அதற்குள் குழுவில் செய்திகள் குவிந்து கிடந்தன. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. சென்னையிலிருந்து, துபாயிலிருந்து, எங்கோ பனி கொட்டுகிற ஊரிலிருந்து. கும்பிட்ட கைகள், அழுகிற முகங்கள், "எங்க பாட்டனி மிஸ்", "எங்க அம்மா மாதிரி". கீரையை அப்படியே வைத்துவிட்டு ஒன்று விடாமல் படித்தேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நான் போனால் இதில் பாதியாவது வருமா என்றுதான் நினைத்தேன். அழுகை பிறகுதான் வந்தது, கீரை வெந்துகொண்டிருந்தபோது.

இதை ஒளிக்காமல் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த நினைவு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மாணவி, "நீங்கதான் மிஸ் அவங்களுக்கு ரொம்ப குளோஸ். ஸ்டாஃப் ரூம்ல இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்துச் சேர். நீங்க எழுதினாத்தான் சரியா இருக்கும்" என்றாள். நாற்காலிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தது உண்மை. மற்றது பழைய மாணவர்களான நீங்கள் எல்லாரும் உங்களுக்குள் நினைத்துக்கொண்டது. அந்த இருபது வருடமும் நான் அவர்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் டிபன் பாக்ஸைத் திறந்தால் அதன் வாசனைமேல்கூடப் பொறாமை. போனவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போவது எனக்கு எளிது. ஆனால் அவரைப் பற்றிய நல்லதைச் சொல்ல வேண்டுமானால் என்னைப் பற்றிய கெட்டதைச் சொல்லாமல் முடியாது.

நெய்வேலி டவுன்ஷிப் பள்ளியில் அவர் தாவரவியல் ஆசிரியை, நான் வரலாறு. அவர் சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமம். அவருடைய அம்மா ஊரார் வயலில் நட்டும் களை பறித்தும் அறுத்தும் பெண்ணைப் படிக்கவைத்தவர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. எங்கள் வீட்டில் நிலம் இருந்தது. அது சுரங்கத்துக்குப் போனது, அண்ணனுக்கு மைன்ஸில் வேலை கிடைத்தது. நிலம் இருந்த காலத்திலும் நான் வயலில் இறங்கியது பொங்கலுக்குப் புகைப்படம் எடுக்கும்போது மட்டும்தான். ஆனாலும் வேளாண்மை எப்படித் தோன்றியது என்ற பாடத்தை நடத்த வேண்டியவள் நான். அது வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. பாடத்திட்டத்தில் என் பெயருக்கு நேராக இருக்கிறது. வேட்டையாடினார்கள், கிழங்கு தோண்டினார்கள், பிறகு விதைத்தார்கள், ஓரிடத்தில் தங்கினார்கள், தானியத்தைச் சேமித்தார்கள், சேமித்ததைக் காக்க ஆள் வைத்தார்கள், காக்க வந்தவன் அரசன் ஆனான், அவனுக்கு வரி, வரிக்குக் கணக்கு, கணக்குக்கு எழுத்து. இதை நான் மூச்சு விடாமல் சொல்வேன். முதுகலைப் பட்டத்துக்குப் பிறகும் விடாமல் நூலகத்தில் உட்கார்ந்து படித்துச் சேர்த்தது அது. என்னிடம் வேறு பெருமை கிடையாது.

அந்தப் பாடத்துக்குள்தான் அவர் ஒரு கட்டுக் காட்டு நெல்லைத் தூக்கிக்கொண்டு வந்து நுழைந்தார்.

காட்டு நெல்லை நீங்கள் வாய்க்கால் ஓரத்தில் பார்த்திருப்பீர்கள். நெல் மாதிரியேதான் இருக்கும். மணியின் நுனியில் நீளமாக ஒரு முடி இருக்கும், உமி கறுத்திருக்கும். வயல்காரர்களுக்கு அது களை. முற்றியதும் மணி தானாகக் கொட்டிவிடும். கை பட்டால் போதும், காற்று அடித்தால் போதும். செடிக்கு அது நல்லதுதான், விதை மண்ணில் விழுந்தால்தானே மறுபடி முளைக்கும். எங்கோ ஒன்றிரண்டு செடியில் மட்டும் மணி விழாமல் காம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். காட்டில் அந்தச் செடிக்கு வாரிசு இல்லை. மனிதன் கதிரை அறுத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகு கதை மாறியது. வழியெல்லாம் கொட்டியது போக வீடு வந்து சேர்ந்தது கொட்டாத மணிதான். அடுத்த மழைக்கு அவன் விதைத்ததும் அதைத்தான். அப்படியே தலைமுறை தலைமுறையாகக் கொட்டாத நெல் பெருகியது. இன்று நாம் தின்பதெல்லாம் அதன் வாரிசு.

இதை அமிர்தம் டீச்சர் சொல்லித் தரவில்லை, செய்ய வைத்தார். பள்ளிக்குப் பின்னால் வாட்டர் டேங்க் நிரம்பி வழியும் இடத்தில் விளிம்பு உடைந்த ஒரு சிமென்ட் தொட்டி கிடந்தது. அவர் ஊர் வாய்க்காலில் வயல் நெல்லோடு கலந்து வளர்ந்திருந்த காட்டு நெல்லைக் கொண்டுவந்து அதில் விதைத்தார். மார்கழியில் முற்றியதும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கதிரை அரிவாளால் அறுத்து, நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, மைதானத்தைக் கடந்து, இரண்டு மாடி ஏறித் தாவரவியல் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். போகிற வழியில் கொட்டியது குருவிக்கு. ஆய்வக மேசைக்கு வந்து சேர்ந்தது விதைக்கு. மறு வருடம் தொட்டியில் மண்ணை மாற்றி அந்த விதையை மட்டும் போடுவார். "யாரும் பிளான் போட்டுச் செய்யல புள்ளைங்களா. வூட்டுக்கு வந்து சேர்ந்தத வெதச்சாங்க, அவ்வளவுதான்" என்பார். கதிர் ஊர்வலம் என்று நீங்கள்தான் அதற்குப் பெயர் வைத்தீர்கள். வரலாற்று வகுப்பில் கொட்டாவி விட்ட அதே பிள்ளைகள், பட்டாபிஷேகத்துக்குக் கிரீடம் கொண்டு போவது போல மூச்சைப் பிடித்துக்கொண்டு படி ஏறுவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தொட்டியில் விதைத்த முதல் வருட அரையாண்டுத் தேர்வில் வேளாண்மை முதலில் எங்கே தோன்றியது என்று கேட்டிருந்தேன். ஒரு பெண் எழுதியிருந்தாள்: "நம் பள்ளி வாட்டர் டேங்க் பின்னால், அமிர்தம் டீச்சர் தொட்டியில்." சிவப்பு மையால் தாள் கிழியும்படி அடித்துவிட்டு, ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோய் அவர் முன்னால் போட்டேன். அவருக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

"ஒரு மார்க்காச்சும் போடுங்க டீச்சர். கண்ணால பாத்துட்டுதான எழுதியிருக்குது."

"இது என் பாடம் டீச்சர்" என்றேன்.

"எடுத்துக்குங்க டீச்சர், யாரு வாணாம்னா? நான் செடியத்தான் சொல்லிக்கினு இருக்கேன்."

அவர் மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. பிள்ளைகள் ஏதாவது கேட்கும்போது, "இத வசந்தா டீச்சர்கிட்ட கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்" என்று ஒரு தடவை அவர் வாயால் சொல்லி நான் கேட்க வேண்டும். கேட்கவே இல்லை. பிள்ளைகள் அவரிடம் கேட்டார்கள், அவர் பதில் சொன்னார். பதிலும் சரியாகவே இருந்தது. ஒருமுறை ஒரு பையன், விவசாயத்துக்கும் நெய்வேலிக்கும் என்ன டீச்சர் சம்பந்தம், இங்கே எல்லாரும் கரி தானே தோண்டுகிறோம் என்று கேட்டானாம். "எல்லாரும் சோத்துக்கே ஓடிக்கினு இருந்தா உங்கப்பா எப்பிடிடா மைன்ஸ்ல ஷிப்ட் பாப்பாரு? ஒருத்தன் வெளைக்கிறத பத்து பேரு தின்ன முடிஞ்சப்பதான் மீதி ஒம்போது பேருக்கு வேற வேலை வந்துச்சு. கொசவன், கொல்லன், ராஜா, எலெக்ட்ரீஷியன், அப்பறம் நானு" என்றாராம். நாகரிகத்தின் எழுச்சி என்று தலைப்பிட்டு நான் நான்கு பக்கம் நோட்ஸ் கொடுத்திருந்தேன்.

பள்ளிக் கண்காட்சி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆதி மனிதர்களின் கிராமம் ஒன்றைத் தெர்மோகோலில் செய்து வைத்திருந்தேன். குடிசைகள், கிணறு, நடுவில் ஒரு பெரிய களஞ்சியம், அதன் வாசலில் ஈட்டியோடு காவலாளி. மூன்று வாரம் பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து செய்தது. அவர் அந்த உடைந்த தொட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டார். கூட்டம் முழுவதும் அங்கே. என் கிராமத்துக்கு வந்த இரண்டு மூன்று பேரும் அங்கே இடம் கிடைக்காமல் வந்தவர்கள். கடைசியில் சிறப்பு விருந்தினர் தொட்டியோடு போட்டோ எடுத்துக்கொள்ள நின்றார். பின்னால் வெறிச்சென்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, என் களஞ்சியத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். காவலாளி கீழே விழுந்து கால் உடைந்தது. அமிர்தம் டீச்சர்தான் குனிந்து எடுத்து, பசை போட்டு ஒட்டி, மறுநாள் என் மேசையில் வைத்திருந்தார். அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

ஒரு வைகாசியில், பள்ளி திறந்த வாரம், காடாம்புலியூரிலிருந்து யாரோ கொடுத்த பலாப்பழத்தை ஸ்டாஃப் ரூமில் அறுத்து எல்லாருக்கும் சுளை கொடுத்தார். கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு பேசிக்கொண்டே அறுத்தார்.

"பலாப்பழத்த அறுத்துட்டா பங்கு போட்டே ஆவணும். வெச்சிருந்தா நாறிப்பூடும். வேட்டைக் கறியும் அப்பிடித்தான் டீச்சர். நெல்லு நாறாது. வெச்சிக்கலாம். ஒருத்தன் வூட்ல இருக்கும், பக்கத்து வூட்ல இருக்காது. பொறாமைன்னு ஒன்னு அன்னிக்குத்தான் பொறந்திருக்கும்."

சொல்லிவிட்டு எனக்குப் பெரிய சுளையாகப் பார்த்து நீட்டினார். என்னைத்தான் குத்துகிறார் என்று நினைத்தேன். சுளையையும் தின்றேன். அதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. களஞ்சியத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு எளிதாக இது இல்லையே என்று தோன்றி, மறுவாரம் என் வகுப்பில் அதை என் சொந்தக் கருத்து போலச் சொன்னேன். முன் பெஞ்சில் இருந்தவள் எழுந்து, "இத அமிர்தம் டீச்சர் போன வாரமே சொல்லிட்டாங்க மிஸ்" என்றாள்.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்.

அது தொட்டியின் ஏழாவது வருடம். முதல் வருடம் ஆய்வக மேசைக்கு வந்து சேர்ந்த நெல் உள்ளங்கைக்கே காணாது. ஏழாம் வருடத்தில் கதிரைப் பிடித்து உதறினாலும் பாதிக்குமேல் ஒட்டிக்கொண்டு நின்றது. நம் கண் முன்னால் ஒரு காட்டுப் புல் வீட்டுப் பயிராக மாறிக்கொண்டிருந்தது. அந்தக் கார்த்திகை மழையில் அமிர்தம் டீச்சர் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அவர் குவார்ட்டர்ஸுக்குப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"பத்து நாள்ல முத்திடும் டீச்சர். அறுத்து, புள்ளைங்கள நடக்க வுட்டு, மேசைக்கு வர்றத மட்டும் பாட்டில்ல போட்டு வெச்சிடுங்க. உங்கள வுட்டா நான் யாருகிட்ட சொல்றது?"

சரி என்றேன். பத்து நாள் கழித்து ஒன்பதாம் வகுப்பைத் தொட்டிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அரிவாளை எடுக்கவில்லை. வீட்டிலிருந்து முறம் கொண்டுபோயிருந்தேன். "அரிவாள் வருவதற்கு முன்னால் மனிதர்கள் எப்படித் தானியம் சேர்த்தார்கள் தெரியுமா? இன்றைக்கு நாம் வரலாற்று முறைப்படி செய்யப் போகிறோம்" என்றேன். கதிரைச் சாய்த்து முறத்துக்கு நேரே பிடித்துக் குச்சியால் தட்டச் சொன்னேன். சடசடவென்று நெல் கொட்டியது. பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். நான் முந்தி நீ முந்தி என்று தட்டினார்கள். "வசந்தா மிஸ், நான் மிஸ், நான் மிஸ்" என்று என்னைச் சுற்றி நின்றார்கள். அந்த ஒரு மணி நேரம் அவர்கள் எனக்குச் சொந்தமாக இருந்தார்கள்.

முறத்தில் விழுந்ததைப் பாட்டிலில் போட்டேன். தட்டியும் விழாத மணிகளோடு கதிர்கள் மிச்சம் நின்றன. அவற்றையெல்லாம் அடியோடு அறுத்து, சணல் கயிற்றால் குஞ்சமாகக் கட்டி, ஸ்டாஃப் ரூம் வாசலில் குருவிக்குத் தொங்கவிட்டேன். நம் ஊரில் புது நெல் வந்தால் வீட்டு வாசலில் அப்படிக் கட்டுவதுதானே. வந்தவர் போனவர் எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள்.

நான் செய்தது என்ன என்று புரிகிறதா? கொட்டுகிற நெல்லை விதைக்கு வைத்தேன். ஏழு வருடம் சேர்த்த கொட்டாத நெல்லைக் குருவிக்குப் போட்டேன்.

தெரியாமல் செய்யவில்லை. அந்த வாரம்தான் நூலகத்தில் படித்திருந்தேன். தட்டி எடுத்தால் கையில் சேர்வது கொட்டுகிற மணிதான். அதை எத்தனை தலைமுறை விதைத்தாலும் காட்டு நெல் காட்டு நெல்லாகவே இருக்கும் என்று. குஞ்சத்துக்குக் கயிறு சுற்றும்போது அந்த வரி எனக்கு நினைவில் இருந்தது. கை நிற்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அமிர்தம் டீச்சர் கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்தார். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். இரண்டு குருவிகள் பறந்து போயின. பிறகு உள்ளே வந்து பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"தட்டுனீங்களா டீச்சர்?"

"ஆமாம். ஏன், தப்பா? எனக்கு என்ன டீச்சர் தெரியும், நான் ஹிஸ்டரிதானே" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பரவால்ல டீச்சர். உங்களுக்கு எப்பிடித் தெரியும்" என்றார். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எட்டி, அந்தக் குஞ்சத்தை அவிழ்த்துத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். குப்பையில் போட எடுத்துப்போகிறார் என்று நினைத்தேன். அது பற்றி மறுபடி ஒரு நாளும் அவர் பேசவில்லை.

மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தேன், ஆனால் என்ன சொல்லித் தப்பித்தேன் பாருங்கள். என் ஒரே பாடத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது என்று என் வாயாலேயே சொல்லித் தப்பித்தேன். அவரும் அதை அப்படியே நம்பிவிட்டார். செய்த பாவத்தைவிட அந்த நம்பிக்கைதான் என்னை அதிகம் அரித்தது. 'உங்களுக்கு எப்பிடித் தெரியும்' என்பது வருடக்கணக்கில் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பேருந்தில் போகும்போது கேட்கும். பால் காய்ச்சும்போது கேட்கும்.

மறு வருடம் அந்தப் பாட்டில் நெல்லைப் பிள்ளைகள் முன்னால் விதைத்தார். மார்கழியில் அறுத்துக் கொண்டுபோனார்கள். பாதி மைதானம் தாண்டுவதற்குள் எல்லாம் கொட்டிவிட்டது, மேசைக்கு வெறும் தட்டைதான் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்ன சொல்லப் போகிறார் என்று நான் ஆய்வகத்து வராந்தாவில் நின்று கேட்டேன்.

"எதுக்கு அழுவுறீங்க? ஆயிரக்கணக்கான வருஷம் இப்பிடித்தான் நடந்திருக்கும். தட்டி எடுத்தவங்க ஒன்னும் முட்டாளுங்க இல்ல. அன்னிக்கு அவங்களுக்குக் கஞ்சி கெடச்சிச்சு, புள்ளைங்க தின்னிச்சு. ஆனா நெல்லு மாறல. நாம எப்பிடி எடுக்குறமோ அப்பிடித்தான் அது நமக்கு வரும். மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அவங்களும் அப்பிடித்தான் எத்தினி வாட்டி ஆரம்பிச்சிருப்பாங்களோ."

அந்த வகுப்பில் இருந்த நாலைந்து பேர், படித்ததிலேயே மறக்க முடியாத வகுப்பு அதுதான் என்று டீச்சர் இறந்த அன்று காலை குழுவில் எழுதியிருந்தீர்கள். கீரை வெந்துகொண்டிருந்தபோது அதை மறுபடி படித்தேன். நீங்கள் படித்தது என் பொறாமையைத்தான், பிள்ளைகளே. அதையும் அவர் எடுத்துத் தன் பாடமாக்கிக்கொண்டார். அதற்கும் நான் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

இரண்டு பேரும் ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றோம். அவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, சேத்தியாத்தோப்பு போகும் சாலையில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு போனார். பொங்கலுக்குப் பொங்கல் போனில் பேசுவோம். ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். "என்னா டீச்சர், மூட்டு வலி எப்பிடி இருக்குது?" என்று அவர் ஆரம்பிப்பார், பேச்சு மூட்டு வலியிலேயே முடிந்துவிடும்.

இறந்த அன்று போனபோது கூட்டத்தில் அவர் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் அவர் மகள் கயல்விழி என்னைத் தனியாகத் தோட்டத்துப் பக்கம் அழைத்துக்கொண்டு போனாள். பெங்களூரில் வேலை செய்கிற பெண், அம்மாவின் அதே அகலமான நெற்றி. அங்கே கிணற்றடியில் இரண்டு சிமென்ட் தொட்டிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் காய்ந்த நெல் தட்டை நின்றது. அவள் ஊறுகாய் பாட்டில் இரண்டைக் கொண்டுவந்தாள். அமிர்தம் டீச்சரின் குண்டு எழுத்தில் இரண்டிலும் தாள் ஒட்டியிருந்தது. ஒன்றில் "அறுத்தது". இன்னொன்றில் "தட்டியது – வசந்தா டீச்சர்". அதன் கீழே வருட வருடமாகத் தேதிகள். ஒரு வருடம்கூட விட்டுப்போகவில்லை.

"அன்னிக்கு ஸ்கூல்லேர்ந்து ஒரு கட்டு கதிர் கொண்டாந்தாங்க டீச்சர். குருவி மிச்சம் வெச்சதுன்னு சொல்லி ஒவ்வொரு மணியா பொறுக்குனாங்க. அதுல வந்ததுதான் இது" என்று அறுத்த பாட்டிலைக் காட்டினாள். "ரெண்டையும் வருஷா வருஷம் போடுவாங்க. இத அறுப்பாங்க, அத மொறத்துல தட்டுவாங்க. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல இருந்தாத்தான் எது மாறிச்சின்னு தெரியும்பாங்க."

பாட்டிலில் என் பெயரை இன்னொரு முறை படித்தேன். அப்போதும் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "அன்னிக்கு நான் தெரியாமல் செய்துவிட்டேன்மா" என்றேன். செத்தவர் வீட்டில், பதினாறாம் நாள், வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்ட வாயால்.

கயல்விழி லேசாகச் சிரித்தாள்.

"நான்கூட அப்பிடித்தான் நெனச்சேன் டீச்சர். பாவம், தெரியாம செஞ்சிருப்பாங்கம்மான்னு ஒரு தடவ சொன்னேன். அம்மாவுக்குக் கோவம் வந்துடிச்சி. 'வசந்தா டீச்சருக்கா தெரியாது? இந்தப் பாடத்துல அவங்களுக்குத் தெரியாதது ஒன்னு கெடையாது'ன்னாங்க."

இருபது வருடம் நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை அது. கிணற்றடியில் நின்று, அவர் போன பிறகு, அவர் மகள் வாயிலிருந்து கேட்டேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, 'உங்களுக்கு எப்பிடித் தெரியும்' என்று சொல்லி என்னை விட்டிருக்கிறார். அதன் பிறகும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வருடா வருடம் எனக்குப் பலாச்சுளை கொடுத்திருக்கிறார்.

அறுத்த பாட்டிலைக் கேட்டேன். கயல்விழி தரவில்லை. "அது எங்கிட்ட இருக்கட்டும் டீச்சர். உங்களுக்கு இதத்தான் குடுக்கச் சொன்னாங்க" என்று தட்டிய பாட்டிலை என் கையில் வைத்தாள். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வடலூர் வரும்வரை அந்தப் பெண்மேல் பொறாமையாக இருந்தது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா?

அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்தப் பாட்டில்தான். ஆடியில் மொட்டை மாடியில் ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பில் மண் நிரப்பி விதைத்தேன். இப்போது கதிர் விட்டு, மணியின் நுனியில் முடி கறுத்துக்கொண்டு வருகிறது. இன்னும் ஒரு வாரத்தில் முற்றிவிடும். முறத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன். இந்த நெல்லை நான் தட்டித்தான் எடுப்பேன். அடுத்த பொங்கலுக்குக் கயல்விழி அவளுடையதைக் கொண்டுவந்து இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள்.

ஆமாம் டீச்சர், எனக்குத் தெரியும்.